பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர் என்ன செய்கிறார்?

"பிள்ளைங்களே அட்டையை எடுத்துப் படிச்சுக்கிட்டா, அப்புறம் நமக்கு என்ன டீச்சர் வேலை?"

ஒன்றிய அளவில் நடக்கும் பயிற்சிகளில் இந்தக் கேள்வி வராமல் போனதில்லை. சிலர் எழுந்து நின்று கேட்பார்கள். பலர் டீ இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்கள். கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி உறுத்தும். கதை சொல்லி, பாட்டுப் பாடி, குரலை ஏற்றி இறக்கி, நாற்பது பிள்ளைகளையும் அசையாமல் உட்காரவைக்கத் தெரிந்த ஒருவரிடம், "இனி நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் கற்ற வித்தையைக் கீழே வைக்கச் சொல்வது போலத்தானே இருக்கும்?

என் பதில் இதுதான்: வேலை குறையவில்லை, கூடுகிறது. பேசுவது குறைந்து பார்ப்பது கூடுகிறது. ஒரு பிள்ளையைப் பார்க்கத் தெரிவது பிறவிக் குணமும் கிடையாது, ஐந்து நாள் பயிற்சியில் ஏறிவிடுகிற சமாச்சாரமும் கிடையாது. வருஷக்கணக்கில் பழக வேண்டியது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்தது ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலி. அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடந்துவந்தன. ஒரே அறை, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் என்பது அங்கே நடக்கவே நடக்காது. அதனால் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்தார்கள். எதற்குப் பிறகு எது என்று ஏணிப்படி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தன் படி எங்கே இருக்கிறது என்று பார்த்து, தானே அட்டையை எடுத்துக்கொள்ளும். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னை ஆசிரியர்களை அங்கே அனுப்பிவைத்தார். போய்ப் பார்த்துவந்த ஆசிரியர்கள் நம் ஊருக்கு ஏற்ற அட்டைகளைத் தயாரித்தார்கள். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்க வந்தது.

வந்ததும் வகுப்பறையில் முதலில் மாறியது ஆசிரியர் உட்காரும் இடம். பிள்ளைகளோடு பாயில் உட்காரச் சொன்னார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஒரு கட்டமாகக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் தொங்கும். வருகையையும் அவர்களே பதிவார்கள். மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்து எழுந்த மூத்த ஆசிரியைகள் பட்ட பாடு நிஜமானது. அதைக் கேலி பேசியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆனால் தரையில் உட்கார்ந்தவர்களுக்குப் புதிதாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. நின்றுகொண்டு பார்த்தால் நாற்பது தலை தெரியும். உட்கார்ந்தால் ஒரு பிள்ளையின் கை தெரியும். பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள், எந்த எழுத்து வந்ததும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள், எங்கே விரலை மடக்கி எண்ணுகிறாள், எங்கே எண்ணாமலேயே எழுதுகிறாள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த விவரங்களில்தான் கற்பித்தல் இருக்கிறது.

செயல்வழிக் கற்றலைப் பற்றி எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு. வேகம் பிள்ளையுடையது, பாதை பெரியவர்களுடையது. ஏணிப்படியில் அடுத்த அட்டை எது என்பது முன்பே முடிவானது. அந்த அட்டையைத் தாண்டி ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்கு அங்கே இடம் இல்லை. ஆக, பாதிதான் பிள்ளை வழி நடந்த வகுப்பறை. மீதிப் பாதியை அட்டை தராது, ஆசிரியர்தான் தர வேண்டும். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தாலும் நிலைமை அதேதான். மொட்டில் இருக்கும் பிள்ளை இன்று காலை என்ன யோசித்தாள் என்று எந்தக் கையேடும் சொல்லாது.

ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். 42-இல் 17 போனால் எவ்வளவு? நேராக 25 என்று எழுதியிருக்கிறாள். நாலை அடித்து மூன்றாக்கவில்லை, இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்று போடவில்லை. விடை மட்டும் இருக்கிறது. இந்த மாதிரி நோட்டைப் பார்த்தால் நமக்கு இரண்டு எண்ணம் வரும். பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பாள், அல்லது வீட்டில் யாரோ போட்டுக்கொடுத்திருப்பார்கள். இரண்டில் எதை நினைத்தாலும் அவளிடம் பேசும்போது நம் குரல் மாறிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி வந்துச்சுன்னு சொல்லு கண்ணு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். நான் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நாப்பதுல பத்து போனா முப்பது டீச்சர். ரெண்டுல ஏழு போகாதுல்ல. இருக்கிற ரெண்டைக் குடுத்துட்டா அஞ்சு பாக்கி. அந்த அஞ்சை முப்பதுல கழிச்சேன்."

அவள் அம்மா வீட்டு வாசலில் இட்லிக்கடை போடுகிறார். சில்லறை இல்லாதவர்கள் பாக்கி வைப்பதும் மறுநாள் தீர்ப்பதும் அவள் தினமும் பார்க்கிற கணக்கு. 83-இல் 48 போடு என்றேன். எண்பதில் நாற்பது போனால் நாற்பது, மூன்றில் எட்டு போகாது, ஐந்து பாக்கி, முப்பத்தைந்து. நோட்டைத் தொடாமல் சொன்னாள். குறை எண் என்று பின்னால் மேல் வகுப்பில் படிக்கப்போவதை, பேர் தெரியாமல், எட்டு வயதில் கையாள்கிறாள். "இது தப்பு டீச்சர், கடன் வாங்கித்தான் கழிக்கணும்" என்று பக்கத்துப் பையன் சண்டைக்கு வந்தான். நல்லதாகப் போயிற்று. அவன் கணக்கை இவள் முறையிலும், இவள் கணக்கை அவன் முறையிலும் போட்டுப் பார்த்தார்கள். அன்றைய கணக்கு வகுப்பு அதிலேயே ஓடியது. நான் பேசிய வார்த்தைகள் ரொம்பக் கொஞ்சம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவள் முறை சரி என்று அந்த இடத்திலேயே கண்டுகொள்ள எனக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழித்தலுக்கு ஒரே வழிதான் என்று படித்த ஆசிரியருக்கு அவள் வழி கண்ணுக்கே தெரியாது. பிள்ளையை முன்னால் நடக்கவிடும் வகுப்பில் ஆசிரியருக்குப் பாட அறிவு குறைவாக இருந்தால் போதும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நேர் எதிர். நாம் பாடம் நடத்தினால் தயாரித்த பாதையில் போகலாம். பிள்ளை நடத்தினால் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியாது, எல்லாப் பக்கமும் நமக்குக் கொஞ்சமாவது பழக்கமாக இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிக் கணக்கைப் புதிதாக, ஆழமாக, நாமே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. கூட்டலையும் கழித்தலையும் எத்தனை வழியில் செய்யலாம் என்று சாயங்காலம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

தமிழிலும் அப்படியே. "வாளப்பளம்" என்று எழுதும் பையனின் நோட்டில் சிவப்பு மையால் சுழிப்பது ஒரு நொடி வேலை. அவன் ஊரில் எல்லோர் வாயிலும் ழகரம் ளகரமாகத்தான் வருகிறது. அவன் காது கேட்டதைக் கை பிசகாமல் எழுதியிருக்கிறது. கவனக்குறைவு என்று நாம் குறித்துவைப்பது உண்மையில் கூர்மையான கவனம். அவனுக்குத் தேவை நாக்கு எங்கே மடங்குகிறது என்று காட்ட ஒரு கண்ணாடியும், ழகரம் வரும் சொற்களை அவனோடு சேர்ந்து சொல்லிப் பார்க்க ஓர் ஆளும்.

மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி வகுப்பு நடத்தச் சென்னைக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியது, இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946 வரை இங்கேயே இருந்தார், அடையாற்றிலும் கொடைக்கானலிலும். அவர் கருவிகளைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். உப்புத்தாள் எழுத்து, இளஞ்சிவப்புக் கோபுரம், மணிச்சரம். ஆசிரியரைப் பற்றி அவர் சொன்னதைக் குறைவாகப் பேசுகிறோம். பிள்ளைகளிடம் போகும் முன் ஆசிரியர் தன்னைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்றார் அவர். களைய வேண்டியவற்றில் முன்னால் வைத்தது கோபத்தை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் அகந்தையை. பெரியவர்களிடம் நம் கோபம் பயந்து அடங்கும். திருப்பிப் பேச முடியாத பிள்ளையிடம் தடையில்லாமல் வெளியே வரும். முறைப்பதாக, பெருமூச்சாக, "இது கூடத் தெரியாதா" என்று கேட்பதாக. எத்தனை வருஷம் ஆனாலும் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

ரோமில் சான் லொரென்சோ பகுதியில் 1907-இல் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில் நடந்த சம்பவம் ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். மூன்று வயதுப் பெண் ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்தி, எடுத்து, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தாள். மாண்டிசோரி எண்ண ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போலச் சிரித்த முகத்தோடு நிறுத்தினாள். இந்தக் கதையில் எல்லோரும் குழந்தையின் கவனத்தை வியப்பார்கள். எனக்கு வியப்பு எண்ணிக்கொண்டு நின்ற பெரியவர் மேல். "போதும்மா, அடுத்ததை எடு" என்று அவர் சொல்லவில்லை. "சபாஷ்" என்றுகூடச் சொல்லவில்லை. பாராட்டும் ஒரு குறுக்கீடுதான். நம்மில் பலருக்குத் திட்டாமல் இருப்பதைவிடப் பாராட்டாமல் இருப்பது கஷ்டம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் அப்படி. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், அதற்குள் பதில் வராவிட்டால் அவரே பேசிவிடுகிறார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், ஆசிரியர் கேட்கும் கேள்விகளின் தரமும் மாறியது. இதற்குக் கருவியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். செய்து பாருங்கள், அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். வகுப்பு அமைதியானால் நாம் தோற்றுவிட்டது போல ஒரு பதற்றம் வருகிறது. அந்தப் பதற்றத்தைத் தாங்கப் பழகுவது, என்னைப் பொறுத்தவரை, எந்தப் பணியிடைப் பயிற்சியையும்விடப் பெரியது.

பதற்றம் வேறு திசையிலிருந்தும் வரும். பார்வைக்கு ஓர் அதிகாரி வருகிறார். நாலு பிள்ளைகள் பாயில் கவிழ்ந்து படுத்து எழுதுகிறார்கள், இரண்டு பேர் புளியங்கொட்டையை எண்ணிச் சண்டை போடுகிறார்கள், ஒருவன் ஜன்னலோரம் நிற்கிறான். ஆசிரியர் தரையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் சும்மா இருக்கிறார். "இப்ப என்ன பாடம் நடக்குது?" இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: எழுதி வைத்த நோட்டு.

நான் ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. பத்து நிமிடம் பார்ப்பேன், பார்த்ததை மட்டும் எழுதுவேன். "சுட்டி", "மந்தம்", "கவனம் இல்லை" போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை, அவை தீர்ப்புகள். "அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், படத்தின் மேல் விரல் வைத்தான், எழுத்தின் மேல் வைக்கவில்லை, எழுந்து ஜன்னலுக்குப் போனான்" என்று எழுதினால் அடுத்த நாள் என்ன செய்யலாம் என்று தெரியும். பல நாள் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் இன்னும் தெரியும். ஒரு பையன் எப்போதும் பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்து அலைவான். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை என்பது அந்த வரிகளில் இருந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபிறகு அவன் பக்கங்கள் வேறு மாதிரி ஆயின.

இந்தப் பழக்கத்துக்கு என் முன்னோடி விவியன் பேலி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சோதனைப் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியை. ஏற்கெனவே நெடுங்காலம் பாடம் நடத்திய பிறகு, ஓர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் தன் வகுப்புச் சிறு பிள்ளைகளோடு உரையாடியதைப் பேலி பார்த்திருக்கிறார். அந்த அறிவியல் ஆசிரியர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரு கேள்வி கேட்பார், பிள்ளை சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வார், அடுத்த பிள்ளையின் எண்ணம் அதோடு வந்து சேரும்வரை பிடித்துவைத்திருப்பார். தனக்கு வேண்டிய விடையை நோக்கி இழுக்கவில்லை. அதைப் பார்த்தபின் பேலி தன் வகுப்பில் டேப் ரெக்கார்டர் வைத்தார். ஒவ்வொரு நாளும் போட்டுக் கேட்டு எழுதினார். பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கியவர் தன்னையும் கேட்டார். எங்கே குறுக்கிட்டோம், எந்தப் பிள்ளையின் வாக்கியத்தை நாமே முடித்துவைத்தோம் என்று. அந்த நாடாக்களிலிருந்துதான் அவருடைய புத்தகங்கள் பிறந்தன. இன்று டேப் ரெக்கார்டரைத் தேட வேண்டாம், கைப்பேசியே போதும். அரை மணி நேரம் பதிந்து, இரவு கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் குரல் எங்கும் பகிரப்படக் கூடாது, அது நமக்கான பாடம் மட்டும்.

பேலி செய்த இன்னொரு காரியத்தை என் இரண்டாம் வகுப்பிலும் செய்கிறேன். பிள்ளை கதை சொல்லும், நான் அதன் வாய்மொழியிலேயே எழுதுவேன், திருத்த மாட்டேன். பிறகு வகுப்பு அதை நடித்துக் காட்டும். "எங்க ஆடு காணாப்போச்சு. தேடுனோம். அதுவே வந்துருச்சு." ஒரு பிள்ளையின் முழுக் கதை இவ்வளவுதான். ஆட்டுக்கு மூன்று பேர் வேண்டும் என்றது. ஏன் மூன்று என்றால், ஆட்டுக்கு இரண்டு குட்டி உண்டு, அதைக் கதையில் சொல்ல மறந்துவிட்டதாம். மறுபடி எழுதச் சொன்னது. வாக்கியத்தைத் திருத்தி எழுதுவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எல்லாவற்றையும் பிள்ளையிடம் விட்டுவிடலாமா? கூடாது. தமிழ் எழுத்து 247-ஐயும் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது கொடுமை. உயிர்மெய் எப்படிக் கூடுகிறது என்பதைத் தெளிவாக, நேராகச் சொல்லித்தர வேண்டும். எப்போதும் சுலபமான அட்டையையே எடுக்கும் பிள்ளை, நன்றாகப் படிக்கும் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை, இவர்களுக்கு நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்து கற்றுத்தந்தே ஆக வேண்டும். செயல்வழிக் கற்றலின் ஆறு குழுக்களில் ஒன்று முழுக்க ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழுவாக இருந்ததற்குக் காரணம் இதுதான். எப்போது பேச வேண்டும், எப்போது கையைப் பின்னால் இழுக்க வேண்டும் என்று கணத்துக்குக் கணம் முடிவெடுக்கிற வேலை இது. முடிவு சரியாக வர, பார்த்தது கையில் இருக்க வேண்டும்.

பார்த்ததைப் பேச ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். இத்தாலியில் ரெஜியோ எமீலியா ஊரில், 1945-இல் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியர் விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் பக்கத்துக் கிராமத்து மக்கள் தாங்களே பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்தார், பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேயே உழைத்தார். அந்த ஊர்ப் பாலர் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் சொன்னதையும் செய்ததையும் எழுதி, படமெடுத்து, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து படிப்பதற்கு வாரந்தோறும் பணி நேரத்திலேயே சில மணி ஒதுக்கியிருக்கிறது. நம் பள்ளிகளில் ஆசிரியர் வளர்ச்சி என்ற பேச்சு வந்தால் இன்னொரு பயிற்சி, இன்னொரு கையேடு, இன்னொரு பதிவேற்றம். தன் வகுப்பில் நாளை என்ன செய்யலாம் என்று தானே முடிவெடுக்க அனுமதி இல்லாத ஆசிரியர், பிள்ளைக்கு எப்படி அந்த அனுமதியைத் தருவார்? ரிஷிவேலிக்குப் போய்வந்து தாங்களே அட்டை செய்தவர்களிடம் இருந்த ஊக்கம், அட்டைப்பெட்டி தலையில் வந்து இறங்கியவர்களிடம் ஏன் இல்லை என்று யோசித்தால் காரணம் புரியும். கல்வித்துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மாதத்தில் அரை நாள், எந்தப் படிவமும் இல்லாமல், எங்களுக்குத் தாருங்கள்.

அது கிடைக்கும்வரை நாங்கள் செய்வது இது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் சிலர், மாதம் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். பிள்ளையின் பேர் சொல்லக் கூடாது. முதலில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் பேசுவோம், ஆளுக்கு ஒன்று. அது முடிந்த பிறகுதான் என்ன செய்யலாம் என்ற பேச்சு. இந்த வரிசை முக்கியம், மாற்றினால் உடனே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவோம். போன மாதம் ஓர் ஆசிரியை, கணக்குப் பக்கம் முழுக்க 6-ஐத் திருப்பிப் போட்டு எழுதும் ஒரு சிறுமியின் நோட்டைக் கொண்டுவந்தார். தாளை எந்தப் பக்கம் சாய்த்து வைத்து எழுதுகிறாள் என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பார்த்துச் சொல்வதாக அவர் எழுதிக்கொண்டார்.